வித்தா எவ்வளவு வரும், சேர்?



இது நீளமான பதிவு. பஸ்ஸில் இருந்தால் இறங்கி வீட்டுக்குப் போய், ஒரு பிளேன்ரீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன தவணையின் கடைசி வாரம், தரம் 10 பிள்ளை ஒருவன் இடைவேளையில் வந்து மேசையில் ஒரு கைக்குட்டையை வைத்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நட்சத்திரம். ஐந்து முனை, மாதுளை முத்தின் சிவப்பில் எனாமல். நடுவில் நீண்ட கோட்டு அணிந்து துப்பாக்கியோடு நிற்கும் ஒரு படைவீரன், அவனைச் சுற்றி ரஷ்ய எழுத்துகள், கீழே சுத்தியலும் அரிவாளும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் கையில் எடுத்தால் பாரம் தெரிகிறது. பின்பக்கம் ஊசி இல்லை. ஒரு திருகாணி, அதை இறுக்க வட்டத் தகடு ஒன்று.

“மாமா கொரியாவிலிருந்து கொண்டு வந்தது சேர். இன்டர்நெட்டில பார்த்தேன், டொலர்ல விலை போட்டிருக்கு. வித்தா எவ்வளவு வரும், சேர்?”

கொரியாவுக்கும் இந்த நட்சத்திரத்துக்கும் என்ன தொடர்பு? அவனுடைய மாமா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒரே அறையில் தங்கியிருந்தவர் உஸ்பெகிஸ்தான்காரர். இருவரும் சேர்ந்து தொழுவார்கள், சேர்ந்து சமைப்பார்கள். அந்த மனிதருக்கு ஒரு தடவை ஊருக்குக் காசு அனுப்ப முடியாத நெருக்கடி வந்தது. மாமா கடன் கொடுத்திருக்கிறார். அப்போது அவர் பெட்டியிலிருந்து இதை எடுத்து, “இது வாப்பாவுடையது, காசு தரும்வரை உங்களிடம் இருக்கட்டும்” என்று கையில் கொடுத்தாராம். பிறகு அவர் வேறு தொழிற்சாலைக்கு மாறிப் போனார். மாமாவின் விசாவும் முடிந்தது. நட்சத்திரம் கொஸ்லந்தைக்கு வந்து, கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் இருந்திருக்கிறது.

அன்று நாங்கள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. “ஒரு கிழமை தா மகன், தேடிப் பார்ப்போம்” என்றோம். அந்தக் கிழமை முழுவதும் நாங்களும் வகுப்புப் பிள்ளைகளும் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: ஒரு பழைய பொருள் கையில் வந்தால் அதனிடம் மூன்று கேள்வி கேள். உன்னைச் செய்தது யார், வைத்திருந்தது யார், இங்கே எப்படி வந்தாய். விலையை அவர் கேட்கச் சொன்னதே இல்லை. ஆனால் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். அதில் பிழையும் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில் சுலபமாகக் கிடைத்தது. பின்பக்க எழுத்தை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது ‘நாணயச் சாலை’ என்று வந்தது. இது சோவியத் யூனியனின் ‘சிவப்பு நட்சத்திர விருது’. 1930 ஏப்ரல் 6ஆம் திகதி உருவாக்கப்பட்டது. வெள்ளியில் செய்வார்கள், மார்பின் வலப்பக்கம் அணிவார்கள். படைவீரனைச் சுற்றியுள்ள எழுத்து உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொல்கிறது.

இளைய பிள்ளைகளுக்குச் சோவியத் யூனியன் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்கள் பிறப்பதற்கு முன்பே, 1991இல் அது 15 நாடுகளாகப் பிரிந்துவிட்டது. ரஷ்யா, உக்ரைன், உஸ்பெகிஸ்தான் எல்லாம் அதற்குள் இருந்தவை. ஆனால் எங்கள் வாப்பாமார் காலத்தில் அது வீட்டுக்குள்ளேயே இருந்த பெயர். ‘சோவியத் நாடு’ சஞ்சிகையின் வழவழப்பான தாளில் புத்தகங்களுக்கு உறை போட்டவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். மொஸ்கோவில் அச்சான தமிழ்க் கதைப் புத்தகங்களை மலிவு விலைக்கு வாங்கியவர்களும் இருப்பீர்கள். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் அதே 1961ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்தார், பேராதனைப் பூங்காவில் ஒரு மரமும் நட்டார். அடுத்த முறை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது காட்டுங்கள்.

இந்த விருதின் முதலாவது எண்ணைப் பெற்றவர் வசீலி பிளூகர் என்ற தளபதி. 1929இல் சீன எல்லையில் நடந்த மோதலில் படை நடத்தியவர். பின்னர் மார்ஷல் ஆனார். 1938இல் ஸ்டாலினின் ஆட்கள் அவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிறையில் அடிபட்டே இறந்தார். 1956இல் அவர் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. மார்பில் குத்திய கையே சட்டையைப் பிடித்து இழுத்தும் போயிருக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் பின்வாங்கில் இருந்த ஒருத்தி, “அப்ப மெடலையும் பறிச்சிருப்பாங்களா சேர்?” என்று கேட்டாள். ஆம். குற்றவாளி என்று தீர்ப்பானால் விருதும் பறிபோகும் என்பதுதான் அக்கால நடைமுறை.

அக்காலத்தில் விருது வெறும் அலங்காரமும் அல்ல. சிவப்பு நட்சத்திரம் வைத்திருப்பவருக்கு மாதம் 15 ரூபிள் கிடைத்தது. ட்ராமில் இலவசமாகப் போகலாம். யுத்தம் முடிந்தபோது விருது பெற்றவர்கள் லட்சக்கணக்கில் பெருகிவிட்டார்கள். 1948 ஜனவரி முதலாம் திகதியோடு அந்தக் கொடுப்பனவை நிறுத்திவிட்டார்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். எங்களை அந்தக் கிழமை முழுவதும் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

நட்சத்திரத்தின் பின்பக்கம் கீழே ஒரு எண் பொறித்திருக்கிறது. சோவியத் விருதுகளில் இரண்டு வகை உண்டு. உயர்ந்த வகைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண், பெற்றவரின் பெயரோடு ஒரு சிறிய புத்தகத்தில் எழுதப்படும். அரசின் பதிவேட்டிலும் இருக்கும். சாதாரணப் பதக்கங்களுக்கு எண் இல்லை. உதாரணமாக, ஜேர்மனியை வென்றதற்கான பதக்கம் 1945 மே 9இல் உருவாக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கொடுக்கப்பட்டது. பித்தளைதான், எண் கிடையாது. சந்தையில் அது மலிவாகக் கிடைக்கும்.

சிவப்பு நட்சத்திரம் மொத்தம் 38 லட்சம் அளவில் வழங்கப்பட்டது. ஆகவே எண்ணைப் பார்த்தாலே ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். சிறிய எண் என்றால் யுத்தத்துக்கு முந்தியது. எங்கள் பிள்ளையின் நட்சத்திரம் 37 லட்சத்தில் தொடங்குகிறது. (முழு எண்ணை இங்கே போடவில்லை. போலி செய்கிறவர்களுக்கு உண்மையான எண் கிடைத்தால் சர்க்கரை கிடைத்த மாதிரி.) 37 லட்சம் என்றால் அது ஹிட்லரோடு நடந்த யுத்தத்துக்கு உரியது அல்ல. 1980கள். ஆப்கானிஸ்தான்.

இதைக் கண்டுபிடித்த அன்று வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. டிசம்பர் 27ஆம் திகதி காபூலில் ஜனாதிபதி ஹபீசுல்லா அமீனின் மாளிகையைத் தாக்கிய படைகளில் ஒன்றுக்கு ‘முஸ்லிம் பட்டாலியன்’ என்றே பெயர். உஸ்பெக், தாஜிக், துர்க்மென் இளைஞர்களைத் தேடிச் சேர்த்த படை அது. முகம் ஒத்துப்போகும், மொழி ஒத்துப்போகும் என்ற கணக்கு. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுக்கு மேல் யுத்தம் நடந்தது. சோவியத் பக்கம் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், ஆப்கான் மக்கள் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். 1989 பெப்ரவரி 15ஆம் திகதி தளபதி போரிஸ் குரோமோவ் ஆமு தர்யா ஆற்றின் பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்தார். அதோடு அது முடிந்தது. அந்தப் பாலம் உஸ்பெகிஸ்தானின் தெர்மெஸ் நகரத்தில் இருக்கிறது.

தெர்மெஸ் என்றதும் உங்களுக்கு ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். அரபியில் அது திர்மித். நாங்கள் சின்ன வயதிலிருந்து மத்ரசாவில் கேட்ட இமாம் திர்மிதியின் ஊர். ஹதீஸ் தொகுத்த ஒருவரின் ஊரிலிருந்துதான் தாங்கிகள் ஆற்றைக் கடந்து போயின, அவற்றில் சிலவற்றை ஓட்டியவர்களின் பெயர்களும் எங்கள் பெயர்கள் மாதிரியே இருந்தன. இதைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. கட்டாய இராணுவ சேவை இருந்த நாடு அது. பதினெட்டு வயதில் ஒரு கடதாசி வரும், போக வேண்டும். எங்கள் நாட்டிலும் யுத்தம் எத்தனை வீடுகளின் கதவைத் தட்டியது என்று உங்களுக்குத் தெரியும்.

1988இல் அன்றைய காபூல் அரசாங்கம் சோவியத் படையினருக்கென்றே ஒரு பதக்கம் உருவாக்கியது. அதன் பெயர் ‘நன்றியுள்ள ஆப்கான் மக்களிடமிருந்து’. அது இன்று சேகரிப்பாளர்களிடம் நிறைய இருக்கிறது. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, அந்த மக்களைக் கேட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

சரி, இவையெல்லாம் சந்தைக்கு எப்படி வந்தன?

1992 ஜனவரி 2ஆம் திகதி ரஷ்யாவில் பொருட்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் பல மடங்கு விலையேற்றம். ஓய்வூதியம் வாங்கிய கிழவர்களின் சேமிப்பு ஒன்றுக்கும் உதவாமல் போனது. எங்கள் நாட்டில் 2022இல் நாங்கள் வரிசையில் நின்ற காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கும். மொஸ்கோவின் அர்பாத் வீதியிலும் இஸ்மாய்லோவோ சந்தையிலும் மேசை போட்டு, சிவப்பு வெல்வெட் துணியில் பதக்கங்களைக் குத்தி வைத்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றார்கள். பெர்லினில் மதில் இருந்த இடத்தில் கிழக்கு ஜேர்மன் இராணுவத்தின் தொப்பிகளும் பட்டிகளும் பதக்கங்களும் குவிந்தன. ஒரு நாடு மூடப்படும்போது அதன் மரியாதைகளும் மொத்த விலைக்கு வந்துவிடுகின்றன.

வாங்கியவர்கள் யார்? அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி என்று எல்லா நாட்டிலும் இதற்கென்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஒரு வகையினருக்கு எனாமலில் கீறல் இல்லாதது வேண்டும், அரிதான வார்ப்பு வேண்டும். தபால்தலை சேர்ப்பது மாதிரி. இன்னொரு வகையினர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மனிதனைத் தேடுகிறவர்கள். மொஸ்கோவுக்கு அருகே பொடோல்ஸ்க் என்ற நகரத்தில் பாதுகாப்பு அமைச்சின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய படைவீரர்களின் விருது அட்டைகள் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துத் தேடினால் பெயர், பிறந்த இடம், எந்தச் செயலுக்காக விருது என்ற குறிப்பு எல்லாம் வரக்கூடும். 2010 முதல் இரண்டாம் உலகப் போர்க் கால விருதுக் குறிப்புகளை இணையத்திலும் போட்டு வருகிறார்கள். காயப்பட்ட தோழனை முதுகில் சுமந்து வந்த மருத்துவ உதவிப் பெண், குண்டு மழையில் தொலைபேசிக் கம்பியைப் பொருத்தியவன் என்று கையெழுத்தில் எழுதிய தாள்கள். இப்படி ஒரு கதை கூட வந்தால் அதே நட்சத்திரத்தின் விலை பல மடங்காகிவிடும்.

ஏனென்றால் எல்லாச் சிவப்பு நட்சத்திரமும் வீரத்துக்குக் கொடுத்தது அல்ல. 1944 முதல் பத்து ஆண்டுக்கும் மேலாக, 15 வருடம் சேவை செய்தாலே இதைக் கொடுத்தார்கள். களஞ்சியத்தில் கணக்கெழுதியவருக்கும் கிடைத்தது, தாங்கியை எரித்தவனுக்கும் கிடைத்தது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விருதை அள்ளிக் கொடுத்ததில் தலைவர் பிரெஷ்னேவ் எல்லோரையும் மிஞ்சினார், தனக்கே கொடுத்துக்கொள்வதிலும்தான். மிக உயர்ந்த ‘வெற்றி விருது’ யுத்தத்தில் பெரும் படைகளை நடத்தியவர்களுக்கு மட்டுமே உரியது. அதை 1978இல் அவர் பெற்றுக்கொண்டார். 1989இல், அவர் இறந்த பிறகு, அதை ரத்துச் செய்தார்கள். இன்னும் ஒரு மெடல் குத்த இடம் வேண்டுமென்று தலைவர் நெஞ்சை அகலமாக்க ஒப்பரேஷன் செய்திருக்கிறார் என்று அந்த நாட்டு மக்கள் பகிடி விட்டார்களாம்.

விலை இருக்கும் இடத்தில் களவும் இருக்கும். 1983 ஜூலையில் மொஸ்கோவில் கியோர்கி ஹோலஸ்தியாகோவ் என்ற ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரலும் அவருடைய மனைவியும் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. பத்திரிகைத்துறை மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு பேட்டி எடுக்க வந்த ஒரு இளம் தம்பதி செய்த வேலை. எடுத்துப்போனது பதக்கங்கள் குத்தியிருந்த அவருடைய கடற்படைச் சட்டையைத்தான். கொன்றவன் பிடிபட்டு மரண தண்டனை பெற்றான். அந்தப் பெரியவரை 1938இல் ஸ்டாலின் காலத்து அரசு பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்கு அனுப்பி, 1940இல் விடுவித்து, பறித்த விருதுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஒரு தடவை அரசு எடுத்தது, அடுத்த தடவை கள்வன் எடுத்தான். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது எங்கள் குரலே கொஞ்சம் அடைத்தது.

இன்று ரஷ்யாவில் சோவியத் அரச விருதுகளை விற்பதும் வாங்குவதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவின்படி குற்றம். வெளிநாடுகளிலோ தாராளமாக ஏலம் போகிறது. போலிகளும் நிறைய. எனாமலைத் திரும்பப் பூசுவார்கள், எண்ணைச் சுரண்டி வேறு எண் வெட்டுவார்கள். நாங்கள் விஞ்ஞான கூடத்தில் காந்தம் வாங்கி வந்து பிடித்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. வெள்ளி ஒட்டாது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். செம்பும் ஒட்டாது என்று விஞ்ஞானப் பாட ஆசிரியை வந்து சொன்னதும் கைதட்டல் நின்றது.

தேடிக்கொண்டு போகும்போது எதிர்பாராத ஒரு பெயர் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றாலும் பொருந்தும்.

1944இல் இந்தச் சிவப்பு நட்சத்திரத்தைச் சோவியத் யூனியன் பிரித்தானிய இந்தியப் படையைச் சேர்ந்த இருவருக்குக் கொடுத்தது. ஒருவர் ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த், இன்றைய உத்தராகண்டின் பித்தோராகர் பகுதிக்காரர். மற்றவர் சுபேதார் நாராயண ராவ் நிக்கம். அன்றைய சென்னை மாகாணம், இன்றைய தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். பெயரில் மராட்டிய வாசனை இருந்தாலும் ஊர் நம் கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

இருவரும் துப்பாக்கிப் படை அல்ல. இந்திய இராணுவ சேவைப் படையின் பொதுப் போக்குவரத்துக் கம்பனி. லொறிக்காரர்கள். 1941 ஜூன் 22இல் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கினார். ஓகஸ்டில் பிரித்தானியப் படையும் சோவியத் படையும் ஈரானுக்குள் போயின. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் இறங்கிய அமெரிக்கச் சாமான்கள், அதாவது லொறி, விமானப் பாகம், வெடிமருந்து, டின் உணவு, சப்பாத்துத் தோல் எல்லாம், ஈரானின் மலைகளையும் பாலைவனத்தையும் தாண்டி வடக்கே சோவியத் எல்லைக்குப் போக வேண்டும். அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய சாமான்களில் ஏறத்தாழ கால்வாசி இந்த வழியால்தான் போனது. இரயில் பாதி, லொறி பாதி. கோடையில் இஞ்ஜின் கொதிக்கும் வெயில், குளிர்காலத்தில் மலைக்கணவாயில் பனி. எங்கள் பெரகல வளைவுகளில் மூடுபனிக்குள் லொறி ஓட்டியவர்களுக்கு அதில் கால்வாசியாவது விளங்கும்.

கஜேந்திர சிங் அந்த வேலையில் காயப்பட்டவர். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமல் திரும்ப வண்டிக்கு வந்தவர். மொஸ்கோவில் வெற்றி விழாவின் 75ஆம் ஆண்டு அணிவகுப்பு நடந்த 2020இல்தான் இந்திய ஊடகங்கள் இந்த இருவரின் பெயரையும் பெரிதாக எழுதின. நடுவில் 76 வருடம். ஸ்டாலின்கிராட் பற்றி எத்தனை படம் பார்த்திருக்கிறோம், இந்த லொறிக்காரர்களைப் பற்றி ஒரு வரி கேள்விப்பட்டோமா? இன்று அதே ரஷ்யாவின் வேறொரு யுத்தத்துக்கு எங்கள் நாட்டிலிருந்து முன்னாள் படையினர் ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட செய்திகளை 2024இல் வாசித்தோம். அவர்களின் பெயரை யார் எழுதி வைப்பார்களோ.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வாப்பாவின் வாப்பாவும் லொறிக்காரர்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தியத்தலாவை முகாமில் வண்டி ஓட்டினார். தியத்தலாவைக்கு யுத்தம் புதிதல்ல, 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் கைதிகளைக் கொண்டு வந்து அடைத்த இடம் அது. யுத்தம் முடிந்து அவருக்கு இரண்டு பதக்கம் வந்ததாம். வெள்ளை உலோகம், இராசாவின் தலை, ஒன்றில் சிங்கம் ஒரு பறவை நாகத்தின் மேல் நிற்கும். பெருநாளைக்கு மட்டும் எடுத்துத் துடைப்பாராம். அவர் மௌத்தான பிறகு ஒரு பழைய டின்னுக்குள் கிடந்தது. ஒரு நாள் போத்தல், பழைய இரும்பு வாங்கும் ஆள் வந்தபோது டின்னோடு போய்விட்டது. வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கிழமை அரிசிக்கு அது உதவியிருக்கும்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் பெயரும் இலக்கமும் வெட்டியிருந்தார்கள். இரண்டாவது போரில் பிரித்தானியப் படையினருக்கான பதக்கங்களை அப்படியே பெயரில்லாமல் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். ஆகவே அந்த இரண்டும் இன்று யாராவது ஒரு சேகரிப்பாளரின் தட்டில் இருந்தாலும், அவை எங்கள் பெரிய வாப்பாவுடையவை என்று எங்களுக்கே தெரியாது. கையில் எடுத்தாலும் தெரியாது. உஸ்பெகிஸ்தான்காரரின் வாப்பாவுக்காவது ஒரு எண் இருக்கிறது.

இதை எழுதும்போது மீரியபெத்தை நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29. பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போகையில் லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று முதல் நாள் சொன்ன எண்ணிக்கையும் பிறகு சொன்ன எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு வந்த மாதங்களில் மிஞ்சியவர்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்தார்கள். தோட்டத்து மக்களுக்குக் கடதாசியின் அருமையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கடதாசி இல்லையென்றுதான் அவர்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் இன்னொரு கடதாசியைக் கொடுத்து வீட்டில் பாதிப்பேரை அக்கரைக்கு அனுப்பியது. அந்தத் தகரப் பெட்டிகளுக்குள் கடவுச்சீட்டும், பழைய செக்ரோல் துண்டும், யாரோ ஒரு தாத்தாவின் பட்டாளப் படமும் இருந்திருக்கும். மண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

ஒரு கிழமை முடிந்தது. பையன் வந்தான். அவனுக்கு விலையைச் சொன்னோம், மறைக்கவில்லை. சாதாரணச் சிவப்பு நட்சத்திரம், புத்தகம் இல்லாமல், வெளிநாட்டுச் சந்தையில் ஐம்பது அறுபது டொலர் அளவில் போகும். தபால் செலவு, இடைத்தரகர், எல்லாம் போனால் நீ நினைத்த ஃபோன் வராது மகன்.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு அவனாகவே கேட்டான்: “இது மாமாட கையில அடமானமா, அமானிதமா சேர்?”

நாங்கள் பதில் சொல்லவில்லை, அவனுடைய மாமாவிடம் கேட்கச் சொன்னோம். அன்று இரவு மாமாவே எங்களுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். காசைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் அவருக்கு முதலே இருக்கவில்லையாம். அந்த நண்பரின் பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. ஆனால் அதே அறையில் இருந்த இன்னொரு சிலாபத்துப் பையன் இன்னும் கொரியாவில்தான் இருக்கிறான், அவன் மூலம் விசாரிக்கிறாராம். “வாப்பாட பேரைச் சொன்னவர் சேர், ஒரு தடவை சொன்னவர், நாந்தான் மறந்துட்டேன்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பிள்ளைகள் ஒரு மட்டையில் எண்ணையும், அளவையும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் எழுதினார்கள். ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து நட்சத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்தார்கள். பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். நட்சத்திரம் கைக்குட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், பதக்கமோ, பட்டாளப் படமோ, பழைய பாஸோ, வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் பாடசாலை விட்ட பிறகு கொண்டு வாருங்கள். நாங்கள் வாங்குவதற்கல்ல, வைத்துக்கொள்வதற்கும் அல்ல. பார்த்து, எழுதி, அன்றே திருப்பித் தருவோம். வரும்போது வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். பொருள் பேசாது, அவர் பேசுவார்.